புளியமரத்துச் சந்தில் நூற்றுப் பதினாலு பேர்

அய்யாசாமியைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது அதற்காக வருத்தப்பட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் மனிதர் பந்தலைச் சுற்றி ஒரு நடை போய்விட்டு வருவார். எத்தனை வாசல், எந்த வாசலை நாற்காலி அடுக்கி அடைத்திருக்கிறார்கள், கோட்டை அடுப்புக்கும் கீற்றுக்கும் நடுவே எத்தனை அடி என்று பார்த்து முடித்த பிறகுதான் கையில் அட்சதை வாங்குவார். பந்தியில் உட்கார்ந்தாலும் முழுசாக உட்காரமாட்டார். ஒரு முழங்கால் எழுந்து ஓடத் தயாராகவே இருக்கும். "சாப்பாடு எப்படிங்க?" என்று கேட்டால், "பின்வாசலைப் பூட்டி வச்சிருக்குறீங்க" என்பார். கேட்டவர் அடுத்த பந்திக்கு நகர்ந்துவிடுவார்.

மைசூரில் ஒரு தீயணைப்பு நிலையத்தில் அவருக்கு இருபத்தோரு வருட சர்வீஸ். ஊர் ஹனூர்ப் பக்கம். வீட்டில் தமிழ், வேலையில் கன்னடம், கெட்ட கனவில் இரண்டும். நிலையத்துக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில்தான் குடித்தனம். ஒரே மகள் தாரணியைக் கொள்ளேகாலத்தில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. மீதி அவரும் பாப்பாத்தியும்தான். மணி அடித்தால் வாயில் வைத்த சோற்றைத் துப்பிவிட்டு ஓடுகிறவரோடு பாப்பாத்தி இருபத்தோரு வருடம் வாழ்ந்திருந்தாள். "எனக்குச் சக்களத்தி ஒருத்தி இருக்குறா, சுவத்துல தொங்குறா" என்று அக்கம்பக்கத்துப் பெண்களிடம் அந்த மணியைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பில் பாதிதான் சிரிப்பு.

தீயணைப்புக்காரனுக்குத் தீ மட்டுமே வேலை என்று நினைக்கிறவர்கள் அந்த நிலையத்தின் டைரியைப் பார்த்ததில்லை. கிணற்றில் விழுந்த எருமை, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு திறக்கத் தெரியாமல் அழுகிற குழந்தை, மாஞ்சா நூலில் மாட்டிய பருந்து, எல்லாவற்றுக்கும் இவர்கள்தான். அதுபோகப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ச் சொல்லிக்கொடுப்பதும் உண்டு. அந்த வேலைக்கு யாரும் கேட்காமலே அய்யாசாமி கையைத் தூக்குவார். சுட்டுக்கொண்டால் பத்து நிமிஷம் தண்ணீர். மை ஊற்றாதே, மஞ்சள் பூசாதே, காப்பித்தூள் அப்பாதே, வெறும் தண்ணீர், பத்து நிமிஷம், கடிகாரத்தைப் பார். புகை என்றால் தரையோடு தரை. அடுப்பு பற்றினால் ஈரச்சாக்கு. இதையெல்லாம் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார். பக்கத்தில் படுத்திருப்பவள் காதில் விழுகிறதா இல்லையா என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை.

இந்தப் பதற்றத்துக்கு ஒரு காரணம் உண்டு. எண்பத்தாறில் தேவராஜ மொஹல்லாவை ஒட்டிய ஒரு சந்தில் ஊதுவத்தி உருட்டுகிற கொட்டகை ஒன்று பிடித்துக்கொண்டது. இவர்கள் போய் நின்றபோது, சந்துக்குக் குறுக்கே கைவண்டி, அதற்குப் பின்னால் மூட்டை. தெருவே கூடி நின்று, "எல்லாரும் வந்தாச்சு, உள்ளே யாரும் இல்லே" என்று கத்தியது. ஒருவர் பாக்கியில்லாமல் அதையே சொன்னார்கள். அய்யாசாமியும் நம்பினார். அணைத்து முடித்து உள்ளே போனபோது மூலையில் ஒருத்தி இருந்தாள். யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அன்றையிலிருந்து "எல்லாரும் வந்தாச்சு" என்ற வார்த்தை காதில் விழுந்தாலே அவருக்கு நம்பிக்கை வராது. மகள் கல்யாணத்துக்கு வேன் கிளம்பும்போது யாரோ அதைச் சொல்லிவிட, வேனை நிறுத்தி மூன்று தடவை தலையை எண்ணினார்.

பாப்பாத்தியின் அண்ணன் மாணிக்கவாசகம் கொத்தனார். பன்னிமண்டபத்தைத் தாண்டி உள்ளே போனால் வருகிற புளியமரத்துச் சந்தில் இருந்தான். கட்டட வேலைக்கு வந்த தமிழர்கள் இருபத்தாறு குடும்பம், எல்லாம் கீற்றுக் கூரை, சுவரோடு சுவர் ஒட்டிய குடிசைகள். சந்தின் கோடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, அதற்கு முன்னால் ஒரு புளியமரம். மைத்துனன் வீட்டுக்கு முதல் தடவை விருந்துக்குப் போனபோதே அய்யாசாமிக்குச் சோறு இறங்கவில்லை. வாசலில் நின்றுகொண்டு சந்தைக் காலால் அளந்தார். வண்டியின் அகலம் எட்டு அடி. சந்தின் அகலம் பத்தரை. ஆனால் அந்தப் பத்தரையில் துவைக்கிற கல், விறகுக் கட்டு, கோழிக்கூண்டு, அம்மி, செங்கல் அடுக்கு எல்லாம் போக மீதி இருந்தது ஒரு ஆள் தோளைச் சாய்த்துப் போகிற வழி.

அன்றைக்குப் பிடித்த சனி மூன்று வருடம் விடவில்லை, சந்துக்காரர்களை. லீவு நாளெல்லாம் சைக்கிளில் வந்து நிற்பார். "கூண்டத் தள்ளி வைங்க. விறகக் கூரைமேல சாத்தாதீங்க. அம்மி உள்ளே போகட்டும்." தூரத்தில் அவர் தலையைக் கண்டதும், "நெருப்பு வருது" என்று குழந்தைகள் கத்தும். ராமக்காள் என்று ஒரு அம்மாள், தலைமேல் கல்லும் மண்ணும் சுமந்தே அறுபதைத் தொட்டவள், தன் துவைக்கிற கல்லை நகர்த்த மாட்டேன் என்று பதினாலு மாதம் சண்டை போட்டாள். "ஏன் தம்பி, நெருப்பு வர்ற வழிய நீ பாக்குற. என் துணிக்கு வழி?" என்பாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அய்யாசாமியே கடப்பாறை போட்டு அந்தக் கல்லைப் பெயர்த்துத் தொட்டியோரம் கொண்டுபோய்ப் போட்டார். ராமக்காள் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

கல்லைப் பெயர்த்ததுகூடச் சுலபம். பெயர் எழுதியதுதான் கஷ்டம். நெருப்பு வந்தால் எல்லாரும் புளியமரத்தடியில் கூடவேண்டும், வீடு வீடாகக் கூப்பிட்டு எண்ணவேண்டும், எண்ணிக்கை சரியாக வந்தால்தான் "எல்லாரும் வந்தாச்சு" என்று சொல்லவேண்டும். அதற்கு ஒரு பட்டியல் வேண்டும். தொண்ணூற்றொன்று டிசம்பரில் காவிரிக் கலவரத்துக்குப் பயந்து ராத்திரியோடு ராத்திரியாகக் கொள்ளேகாலம் வழியாக ஓடிப்போய்த் திரும்பி வந்த ஜனம் அது. காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் வந்து "உங்க வீட்டில் எத்தனை தமிழர்?" என்று கேட்டால் என்ன சொல்லும்? அந்தப் பகுதியின் பீட் கான்ஸ்டபிள் லிங்கப்பனைத் துணைக்கு அழைத்துப் போனார் அய்யாசாமி. லிங்கப்பன் நல்ல மனுஷன். ஊருக்குப் போகிறவர்கள் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போனால், பூட்டிய வீட்டை இரண்டு வேளை சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர். ஆனால் காக்கி காக்கிதானே. ஒன்றுக்கு இரண்டாக வந்ததும் சந்து இன்னும் மிரண்டது. முதல் கணக்கில் அறுபத்தொரு பேர்தான் தேறினார்கள். பாதிப் பேரை அவரவர் வீட்டுக்காரர்களே ஒளித்துவிட்டார்கள். ரேஷன் கார்டுக்காகத்தான் இது என்று யாரோ கிளப்பிவிட, அடுத்த மாதக் கணக்கு நூற்று அறுபத்து மூன்று. செத்துப்போன மாமியார்கள்கூட எழுந்து வந்திருந்தார்கள். மூன்றாம் தடவை அய்யாசாமி சட்டையைக் கழற்றிவிட்டு, பனியனோடு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, எண்பத்தாறில் மூலையில் கிடந்தவளைப் பற்றிச் சொன்னார். அன்றைக்கு வந்தது நிஜக் கணக்கு. நூற்றுப் பதினாலு.

அதன்பிறகு மாதம் ஒருமுறை ஒத்திகை. ராமக்காள்தான் கூப்பிடுகிறவள், அந்தக் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. "மாணிக்கம் ஊடு!" "ஆறு!" "செங்கல்சூளை ஆறுமுகம் ஊடு!" "நாலு!" பாட்டு மாதிரி பாடமாகிவிட்டது. பள்ளிக்கூடம் போகாத குழந்தைகள்கூட அடுத்த வீட்டு எண்ணிக்கையை முந்திக்கொண்டு சொல்லும். அய்யாசாமிக்கு அது பெருமையாக இருந்தது. அங்கேதான் அவர் ஏமாந்தார். அது அப்புறம் தெரிந்தது.

தொண்ணூற்றைந்து ஏப்ரலில் தீயணைப்பு வாரம் வந்தது. நிலைய அதிகாரி மல்லப்பன், அந்த வருடம் பள்ளிக்கூடங்களோடு ஒரு குடிசைப் பகுதியிலும் செய்முறை காட்டலாம் என்றார். அய்யாசாமி நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "நம்ம சந்து இருக்குதுங்க ஸார். வண்டி கோடி வரைக்கும் போகும்." மல்லப்பன் சிரித்தார். "போகும்னு நீ சொல்றே. பார்க்கலாம்."

அதன்பிறகு ஒரு வாரம் அய்யாசாமி தூங்கவில்லை, பாப்பாத்தியையும் தூங்கவிடவில்லை. சந்துக்காரர்களுக்கு ஒரே கட்டளை: "ஞாயித்துக்கெழமை மூணு மணிக்கு வண்டி வரும். தரையில ஒரு துரும்பு கிடக்கக் கூடாது. மூணு மணிக்கு மேல எந்த ஊட்லயும் அடுப்பு எரியக் கூடாது."

ஞாயிறு காலையில் பாப்பாத்தி புடவை மாற்றிக்கொண்டு நின்றாள்.

"எங்கண்ணன் ஊட்டுக்குப் போறனுங்க மாமா. ஆபீசரு வாறாரு, ஒரம்பரை வந்தா வாயினிக்க ஒண்ணும் குடுக்காமயா அனுப்பறது? கேசரி கிண்டறனுங்க."

"மூணு மணிக்கு முன்னால அடுப்ப அணைச்சுப்போடு."

"அணைச்சுப்போடறன். எனக்குத் தெரியாதுங்களா?" என்றவள், படியிறங்கும்போது திரும்பி, "நல்லா நடக்குமுங்க. பதறாம வாங்க" என்றாள். அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. பூட்ஸில் கயிறு மாட்டிக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு வண்டி கிளம்பவில்லை. எங்கோ ஒரு கன்றுக்குட்டி சாக்கடையில் இறங்கிவிட்டதென்று அழைப்பு வந்து, அதைத் தூக்கிவிட்டு வர மூன்று இருபது ஆயிற்று. வண்டியின் முன்பக்கம் டிரைவர் தொட்டையன், நடுவில் அய்யாசாமி, ஓரத்தில் மல்லப்பன். பன்னிமண்டபம் தாண்டியதும் அய்யாசாமி இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார். "இன்னும் கொஞ்சம் முன்னால வந்தா நீ இன்ஜின் மேல உட்காரணும்" என்று தொட்டையன் கன்னடத்தில் கிண்டல் செய்தான்.

வண்டி திரும்பியது. சந்து தெரிந்தது. அய்யாசாமிக்கு ஒரு நிமிஷம் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை.

சந்துக்காரர்கள் சொன்ன சொல் தவறவில்லை. தரையில் துரும்பு கிடையாது. பெருக்கி, சாணம் தெளித்து, கோலம் போட்டிருந்தார்கள். அந்தக் கோலத்துக்கு இரண்டு பக்கமும், பூமியில் இரண்டடி ஆழம் குழி தோண்டி, தடிதடியாக மூங்கில் நட்டு, வாழைமரம் கட்டி, மாவிலைத் தோரணம் தொங்கவிட்டு, வண்டியை வரவேற்க ஒரு வளைவு நிறுத்தியிருந்தார்கள். மேலே கன்னடத்தில் பெரிய எழுத்தில் வரவேற்புப் பலகை. வாழைக்குலை உள்பக்கமாகத் தொங்கியது. நடுவில் இருந்த வழி ஆறரை அடி. மூன்று வருடம் கோழிக்கூண்டு கோழிக்கூண்டாக அவர் மீட்டெடுத்த வழியை அவருக்கு மரியாதை செய்வதற்காகவே அடைத்திருந்தார்கள்.

"ஏனய்யா இது?" என்றார் மல்லப்பன்.

வண்டி நின்றது. மேளம் தட்டினார்கள். மல்லப்பனை இறக்கி மாலை போட்டார்கள். மாணிக்கவாசகம் புதுச்சட்டையில் முன்னால் நின்று, "வாங்க மாப்ள, எப்படி நம்ம ஏற்பாடு?" என்றான். முகமெல்லாம் சிரிப்பு.

"மச்சான், அதப் புடுங்குங்க."

"எதைங்க?"

"அந்த மூங்கிலப் புடுங்குங்க! வண்டி எப்படி உள்ள போகும்?"

"வண்டி எதுக்குங்க உள்ள போகணும்? ஐயா நடந்து வருவாருல்ல. பூசை போட்டு நட்டதுங்க மாப்ள. ஐயா ஒருக்கா அதுக்குள்ள நுழஞ்சு வந்தபிறகு எடுத்துப்போடலாம்."

ராமக்காளும் சேர்ந்துகொண்டாள். "என் கல்லப் புடுங்குன, சரி. வாழமரத்தையும் புடுங்கச் சொல்றயே தம்பி, நல்ல நாளதுமா." அய்யாசாமிக்குக் கோபத்தில் நாக்குக் குழறியது. அழுகையும் வந்தது, அதை மறைக்க இன்னும் சத்தம் போட்டார். மல்லப்பன் மாலையும் கழுத்துமாக நடுவில் நின்று இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அந்த வாடை வந்தது. முதலில் சர்க்கரை தீய்கிற வாடை. கேசரி அடிப்பிடிக்கிறது என்று அவர் மூக்கு சொன்னது. மூன்று மணிக்கு அணைத்த அடுப்பில் மூன்றே முக்காலுக்கு எப்படி அடிப்பிடிக்கும் என்று யோசித்து முடிப்பதற்குள் அடுத்த வாடை வந்துவிட்டது. காய்ந்த கீற்று. நிமிர்ந்து பார்த்தார். சந்தின் நடுவில், மாணிக்கவாசகம் வீட்டுக் கூரையிலிருந்து மஞ்சளாகப் புகை சுருண்டு எழுந்தது.

குழந்தைகள் கை தட்டின. "வேடிக்கை ஆரம்பிச்சிருச்சு!" பெரியவர்களும் சேர்ந்து தட்டினார்கள். தீயணைப்புக்காரர்கள் நெருப்பு வைத்து அணைத்துக் காட்டுவார்கள் என்று சொல்லிவைத்திருந்ததால், ஐயாமார் நேரத்துக்குச் சரியாக வைத்துவிட்டார்கள் என்றே நினைத்தார்கள். அதுவும் மாணிக்கம் வீட்டிலேயே வைத்திருக்கிறார்களே என்று ஒருத்தி பொறாமைகூடப் பட்டாளாம், பிற்பாடு அவளே சொன்னாள்.

"நெசம்! நெச நெருப்பு! மரத்தடிக்கு ஓடுங்க!" அய்யாசாமியின் குரல் கிழிந்தது. வண்டியின் படியில் தாவி ஏறித் தொட்டையனின் தோளைக் குத்தினார். "விடு! நிக்காம விடு!"

தொட்டையன் மல்லப்பனைப் பார்த்தான். மல்லப்பன் மாலையைக் கழற்றி எறிந்தார். வண்டி உறுமி முன்னால் பாய்ந்தது. மூங்கில் முறிந்தது, பலகை பானெட் மேல் விழுந்து இரண்டாகப் பிளந்தது, வாழைமரம் இரண்டும் சக்கரத்துக்கடியில் போயின. பெண்கள், "ஐயோ, ஐயோ" என்று அலறினார்கள். அந்த நெருக்கடியிலும் அது நெருப்புக்காக அல்ல, வாழைக்காகத்தான்.

பிறகு எல்லாம் அவர் மூன்று வருடம் மனதுக்குள் நடத்திப் பார்த்தபடியே நடந்தது. வண்டி எங்கேயும் உரசவில்லை. ஹோஸ் நீளம் போதும்போதும் என்று கிடந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஈரச்சாக்கைத் தங்கள் கூரைமேல் எறிந்தார்கள். புளியமரத்தடியில் ஜனம் கூடிற்று. ஹோஸின் பித்தளை முனையைக் கையில் பிடித்துத் தண்ணீரைக் கூரைமேல் அடித்துக்கொண்டிருந்த அய்யாசாமிக்குப் பின்னால், ராமக்காளின் குரல் கணீரென்று எழுந்தது.

"மாணிக்கம் ஊடு!"

"ஆறு!"

அவர் மனதுக்குள் கூட்டிக்கொண்டே அடித்தார். நாலு, பத்து. அஞ்சு, பதினஞ்சு. இருபத்தாறாவது வீட்டுக்குப் பதில் வந்ததும் ராமக்காள் தொண்டை கிழியக் கத்தினாள்: "நூத்திப் பதினாலு! எல்லாரும் வந்தாச்சு!"

கூட்டமே அதைத் திருப்பிக் கத்தியது. எல்லாரும் வந்தாச்சு, எல்லாரும் வந்தாச்சு.

அய்யாசாமிக்கு அந்த வார்த்தை நம்பிக்கை தரவில்லை. வழக்கமான சந்தேகம் என்று நினைத்தார். கணக்குத்தான் சரியாக வந்துவிட்டதே. அப்புறம் ஏன்? அப்புறம் புரிந்தது.

பாப்பாத்தி அந்தப் பட்டியலில் இல்லை.

அவள் புளியமரத்துச் சந்துக்காரி அல்ல. விருந்தாளி. எரிகிற வீட்டில் கேசரி கிண்டிக்கொண்டிருந்தவள் அவள். அவளை விட்டுவிட்டே கணக்கு முழுசாகிவிட்டது. மாணிக்கம் வீடு ஆறு என்றால் ஆறுதான். யாருக்கும் எந்தக் குறையும் தெரியாது. இந்தச் சந்தில் ஒரு ஆள் குறைவதை அறிந்த ஒரே ஆள், கையில் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முனையைப் பிடித்தவன் இன்னொருவன் வாங்காமல் அதை விடக்கூடாது. அது அவர் நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்த பாடம்.

"பாப்பாத்தி!" என்று கத்தினார். பம்பின் இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. இருபத்தோரு வருடத்தில் அவர் பட்ட பதற்றமெல்லாம் சேர்ந்து அந்த அரை நிமிஷத்தில் வந்து நின்றது. காலையில் திரும்பி நின்று "பதறாம வாங்க" என்றவளுக்கு ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது.

மல்லப்பன் பக்கத்தில் வந்தார். அய்யாசாமியின் முகத்தைப் பார்த்தார். "யாரு?" என்றார்.

"எம் பொஞ்சாதி ஸார். உள்ள."

மல்லப்பன் இஸ்திரி போட்ட சட்டையோடு முனையைப் பிடுங்கிக்கொண்டார். "ஹோகு! ஹோகு!" போ, போ என்று கன்னடத்தில் கத்தினார்.

அய்யாசாமி தரையோடு தரையாக உள்ளே புகுந்தார். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் குடிசை, ஆனால் புகைக்குள் அது முடிவதாக இல்லை. கையால் துழாவினார். டிரங்குப்பெட்டி. பாய். மென்மையாகச் சுருண்டு ஏதோ பட்டது. தலைமுடி என்று உயிரே போய் இழுத்தார், கொடியில் கிடந்த புடவை. மூலையில்தான் இருப்பாள், மூலையில்தான் இருப்பார்கள் என்று நாலு மூலையையும் தொட்டார். பம்ப் ஸ்டவ் தட்டுப்பட்டது. அதன்மேல் ஈரச்சாக்கு மடித்துப் போர்த்தியிருந்தது. ஸ்டவ் அணைந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை. வெளியே வந்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி நுழையப் போனபோது நடுவிட்டம் சரிந்தது. கூட்டத்தைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த லிங்கப்பன் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "விடுங்க, விடுங்க" என்று அய்யாசாமி திமிறினார். சந்தே பார்த்துக்கொண்டிருந்தது. அழுதார். எல்லார் முன்னாலும் வாய்விட்டு அழுதார்.

ராமக்காள் ஓடி வந்தாள். "யாரத் தேடற தம்பி? அதான் நூத்திப் பதினாலும் வந்தாச்சே."

"பாப்பாத்தி..."

"பாப்பாத்தியா? அவ தொட்டிக்கிட்டல்ல நிக்கறா?"

சந்தின் கோடியில், பெயர்த்துக் கொண்டுபோய்ப் போட்ட அந்தத் துவைக்கிற கல்லின்மேல் பாப்பாத்தி உட்கார்ந்திருந்தாள். வலது கை தொட்டிக்கு நேராக நீண்டிருந்தது. இடது கையால் சொம்பு சொம்பாகத் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தாள். முன்புறத் தலைமுடி கொஞ்சம் பொசுங்கியிருந்தது. அவர் மூச்சிரைக்க வந்து நின்றதும் நிமிர்ந்து பார்த்தாள். அணைக்கப்போன கையைத் தடுத்தாள்.

"இருங்க. இன்னும் ரெண்டு நிமிசம் இருக்குது. நீங்கதான பத்து நிமிசம்னு சொன்னீங்க."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முழுசாக, இரண்டு காலையும் நீட்டி.

"மூணு மணிக்கு அணைச்சனுங்க" என்றாள் அவள், தண்ணீரை ஊற்றிக்கொண்டே. "நீங்க வல்ல. கேசரி ஆறிப்போச்சு. ஆறின கேசரிய ஆபீசருக்கு எப்படிக் குடுக்கறதுன்னு பத்த வச்சன். பம்ப் அடிச்சதும் குப்புனு மேல போயிருச்சு. எங்கண்ணன் கொழந்தைக ரெண்டையும் வெளிய தள்ளுனன். சாக்கப் போட்டன். தரையோட தவந்து வந்தன். எல்லாம் நீங்க சொன்னதுதான். மரத்தடியிலதான் போயி நின்னன்."

"அப்பறம்?"

"மாணிக்கம் ஊடுன்னாங்க. எங்கண்ணன் திரும்பிக்கூடப் பாக்காம ஆறுன்னுச்சு. நான் ஏழாவதா பக்கத்துலயே நின்னனுங்க. எம் பேரு தனியா வரும்னு நின்னன். கை எரிஞ்சுது. வல்ல. அதான் தொட்டிக்கு வந்துட்டன்." இன்னொரு சொம்பு மொண்டு ஊற்றினாள். பிறகு, "ஏனுங்க மாமா, ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் எண்ணறீங்க. என்னைய யாருங்க எண்ணுவாங்க?" என்றாள்.

அவள் கோபமாகக் கேட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். சந்தேகம் கேட்கிறவள் போலத்தான் கேட்டாள். அய்யாசாமிக்கு வெட்கமாக இருந்தது. மூன்று வருடம் வீடு வீடாகப் போய்க் கெஞ்சி வாங்கிய கணக்கு. ஜனங்கள் எண்ணக் கற்றுக்கொள்ளவில்லை, பதில் சொல்லத்தான் கற்றுக்கொண்டிருந்தார்கள். அதைக்கூட மன்னிக்கலாம். தன் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்பதே தனக்குக் கணக்கில் வராமல் போனதை எங்கே போய்ச் சொல்வது?

நெருப்பு அடங்கிவிட்டது. ஒரு கூரைதான் போயிற்று. மல்லப்பன் தொப்பலாக நனைந்து வந்து, யாரோ காப்பாற்றிக் கொண்டுவந்த கேசரியை வாயில் போட்டு, கருகல் வாடைக்கு முகத்தைச் சுளித்து, "நல்லா இருக்கம்மா" என்று தமிழில் சொன்னார். வண்டி கோடி வரைக்கும் போனதையும் அவர் மறக்காமல் சொன்னார். அய்யாசாமி காதில் அது விழவில்லை. சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்தார். நனைந்து ஒட்டியிருந்தது. லிங்கப்பனிடம் பேனா வாங்கி, இருபத்தாறாவது வீட்டுக்குக் கீழே இருபத்தேழு என்று போட்டு, பாப்பாத்தி, ஒன்று என்று எழுதினார்.

அவள் எட்டிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது, எண் தெரியும்.

"ஒண்ணா? நெருப்புன்னா நீங்க இங்கதான வந்து நிப்பீங்க? ரெண்டு போடுங்க."

அவர் அதுவரை எந்தக் கணக்கிலும் தன்னைச் சேர்த்ததில்லை. கொஞ்சம் தயங்கி, ஒன்றை அடித்து இரண்டாக்கினார்.

அடுத்த மாத ஒத்திகையில் முறை மாறிவிட்டது. பதில் சொல்வதற்கு முன்னால் ஒவ்வொரு தலையையும் கையால் தொட்டு எண்ணவேண்டும், விருந்தாளியானாலும் சரி, மேஸ்திரியானாலும் சரி. ஒரு மணி நேரம் ஆயிற்று. மாணிக்கவாசகம் தன் வீட்டை எண்ணி முடிப்பதற்குள் இரண்டு தடவை கணக்குத் தப்பினான். கடைசியில் ராமக்காள் கூப்பிட்டாள்.

"அய்யாசாமி ஊடு!"

பாப்பாத்தி கட்டுப்போட்ட கையோடு நின்றாள். தலையைத் திருப்பித் தேடினாள். சந்தின் வாசலில் யாரோ புதிதாக வைத்த கோழிக்கூண்டை அளந்துகொண்டிருந்தார் அய்யாசாமி.

"அய்யாசாமி ஊடு!" ராமக்காள் மறுபடி கத்தினாள். கூட்டம் சிரித்தது. "சொல்லு பாப்பாத்தி, வெயில்ல நிக்கறோம்."

"இன்னும் ஒரு ஆளு வல்லீங்க" என்றாள் அவள்.

அவர் அளவுநாடாவைச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தார். அவள் பக்கத்தில் நின்றார். பாப்பாத்தி முதலில் தன் தலையைத் தொட்டாள். பிறகு நல்ல கையைத் தூக்கி அவர் தலையைத் தொட்டுவிட்டு, "ரெண்டு" என்றாள்.